மேலாளர் (பொறுப்பு)

அந்த டிப்போவில் அறுபத்திரண்டு பஸ்கள், நூற்று நாற்பது டிரைவர்கள், ஏறக்குறைய அதே அளவு கண்டக்டர்கள், ஒரு மேலாளர். மேலாளர் அறைக் கதவில் நீலப் பலகை ஒன்று உண்டு. வெள்ளை எழுத்தில் ‘கிளை மேலாளர்’ என்று இருக்கும். அதற்குக் கீழே, சற்றுச் சின்னதாக, அடைப்புக்குறிக்குள் ‘பொறுப்பு’ என்று இருக்கும். முன்பிருந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார், நிரந்தரமாக ஒருவரைப் போடும்வரை இவர் பார்த்துக்கொள்வார் என்று அதற்குப் பொருள். ஆறு மாதம் பார்ப்பார்கள். திருப்தி என்றால் தலைமை அலுவலகத்துப் பட்டியலில் பெயர் வரும், அடைப்புக்குறி போய்விடும். திருப்தி இல்லை என்றால் பழைய இடத்துக்கே, டைம் கீப்பர் கூண்டுக்கே திரும்ப வேண்டும்.

டிப்போ திறந்த முப்பத்தெட்டு வருடத்தில் அந்த அறையில் உட்கார்ந்த முதல் பெண் அவர். வயது நாற்பத்தேழு. பதினேழு வருடம் கண்டக்டர், இரண்டு வருடம் உதவியாளர், பிறகு துறைத் தேர்வு எழுதி நாலு வருடம் டைம் கீப்பர். ஊரில் அவருக்கு ‘விசிலக்கா’ என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே தகர விசிலைக் கூட்டத்தில் தொலைத்துவிட்டார். இரண்டு விரலை வாயில் வைத்து அடித்தார். முன்னால் இருந்த டிரைவருக்கு இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. பின் சீட்டில் தூங்கியவர் எழுந்து, தன் நிறுத்தம் வந்துவிட்டதென்று இறங்கியே போனார். அதற்குப் பிறகு அவர் விசில் வாங்கவே இல்லை.

மேலாளரானதும் எடுத்த முதல் முடிவு, இனி விசிலடிப்பதில்லை என்பது.

“மேனேஜர் விசிலடிச்சா நல்லாவா இருக்கும்?” என்று வீட்டில் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கும். ஆனா பஸ்ஸெல்லாம் கிளம்பிடுமே” என்றார் கணவர். அவர் மருந்துக் கடையில் விற்பனையாளர். மாத்திரையை எண்ணுவதுபோலத்தான் வார்த்தையையும் எண்ணிப் போடுவார்.

முதல் வாரத்தில் டிப்போவுக்கு வந்த பெரிய சிக்கல், அவரை என்னவென்று கூப்பிடுவது என்பதுதான். வாசல் காவலர் சல்யூட் அடித்து “சார்” என்றார். போனில் பேசியவர்கள் “சார்… மேடம்… சார்” என்று மூன்று படி ஏறி இறங்கினார்கள். இளைய டிரைவர்களுக்கு அவர் மேடம். பெண் கண்டக்டர்கள் பதினொரு பேருக்கும் கதவு திறந்திருந்தால் மேடம், சாத்தியிருந்தால் அக்கா.

மூணாம் கியருக்கு மட்டும் அவர் எதுவுமே இல்லாமல் போனார்.

மூணாம் கியர் என்பது அந்த டிப்போவின் மூத்த டிரைவர். முப்பத்துமூன்று வருட வேலையில் அவர் ஊருக்குள் நாலாம் கியர் போட்டதை யாரும் பார்த்ததில்லை. ஒரு விபத்தும் இல்லை. விசிலக்கா அவர் வண்டியில் ஏழு வருடம் கண்டக்டராக இருந்தவர். அப்போதெல்லாம் “தங்கச்சி, ரைட்டா?” என்று திரும்பிக் கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். தங்கச்சி மேலாளரானதும் அந்த வார்த்தை நின்றுவிட்டது. மேடம் என்று சொல்ல நாக்கு வரவில்லை, தங்கச்சி என்று சொல்லத் தைரியம் வரவில்லை. அறைக்குள் வந்து, “டீசல் வண்டி வந்தாச்சு” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார்.

இனி அந்த டிப்போவின் ரகசியத்துக்கு வரலாம்.

டிப்போவில் ‘குறைப் புத்தகம்’ என்று ஒன்று இருக்கிறது. தடித்த அட்டை போட்ட நீளமான நோட்டு. சாயங்காலம் வண்டியை உள்ளே கொண்டுவந்து விடும் டிரைவர், அதில் அந்த வண்டியின் குறையை எழுத வேண்டும். ஹார்ன் அடிக்கவில்லை, வலது விளக்கு எரியவில்லை, பிரேக் இறங்குகிறது, இப்படி. பட்டறை ஃபோர்மேன் அதைப் பார்த்துச் சரிசெய்து கையெழுத்துப் போடுவார். காலையில் பக்கத்தின் அடியில் மேலாளர் கையெழுத்துப் போட்ட பிறகே வண்டிகள் வெளியே போக வேண்டும். மாதாமாதம் பத்தாம் தேதி மொத்தக் குறைகளின் எண்ணிக்கை தலைமை அலுவலகத்துக்குப் போகும்.

அந்த டிப்போவின் கணக்கு, மாதத்துக்குச் சராசரி மூன்று குறை. அறுபத்திரண்டு பழைய பஸ்ஸில் மாதம் மூன்றே மூன்று குறை என்றால் அது பஸ் டிப்போ அல்ல, கண்காட்சி. உண்மை என்னவென்றால், யாரும் எழுதுவதில்லை. எழுதினால் எண்ணிக்கை ஏறும், ஃபோர்மேனுக்குக் கெட்ட பெயர். எழுதிய டிரைவருக்கோ மறுநாள் ஸ்பேர் பஸ். அந்த ஸ்பேர் பஸ்ஸில் ஜன்னலும் மூடாது, மழையும் நிற்காது. அதனால் எல்லாரும் வாயால் சொன்னார்கள்.

சொன்ன இடம் டயர் மேடு. பட்டறைக்குப் பின்னால், தேய்ந்த டயர்களை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கும் இடம். அங்கே கிடையாகப் போட்ட ஏழெட்டு டயர்கள்தான் இருக்கை. சாயங்காலம் வண்டியை விட்டதும் டீயும் சிகரெட்டுமாக அங்கே கூடுவார்கள். “பன்னெண்டாம் நம்பர் கிளட்ச் இழுக்குதுப்பா” என்பார் ஒருவர். “பாத்துடலாம்” என்பார் ஃபோர்மேன். முன்பிருந்த மேலாளர் தினமும் அங்கே ஒரு சிகரெட் பிடிப்பார். எல்லாம் காதில் விழும். அவர் டிப்போவை நடத்தியது நாற்காலியில் உட்கார்ந்து அல்ல, டயரில் உட்கார்ந்து.

விசிலக்காவுக்கு டயர் மேடு தெரியும். இருபத்துமூன்று வருடமாகத் தெரியும். ஆனால் அது பெண்கள் போகாத இடம். யாரும் தடுத்ததில்லை, யாரும் போனதுமில்லை. ஆண்கள் அங்கே ஊர்க்கதை பேசுகிறார்கள் என்றுதான் அவரும் மற்றப் பெண்களும் நினைத்திருந்தார்கள். பிரேக்கும் கிளட்சும் அங்கேதான் பேசப்படுகின்றன என்று அவருக்குத் தெரியாது.

மேலாளரான முதல் வாரம் ஒரு நாள் டீ கிளாஸோடு அங்கே போனார். ஒரு நல்லெண்ணம்தான். பதினொரு பேர் இருந்தார்கள். இரண்டு சிகரெட்டுகள் பூட்ஸுக்கு அடியில் போயின. ஒருவர் பாதிச் சிரிப்பை விழுங்கினார். “வாங்க மேடம்” என்று மூன்று பேர் எழுந்து, ஒரு டயரைக் கைக்குட்டையால் துடைத்தார்கள். உட்கார்ந்தார். டயர் அமுங்கியது, டீ மடியில் கொட்டியது. யாரும் சிரிக்கவில்லை. அதுதான் மோசம். சிரித்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். நாலு நிமிடத்தில் ஒருவருக்கு ட்ரிப் வந்துவிட்டது, ஒருவருக்கு போன் வந்துவிட்டது, இன்னொருவருக்கு என்ன வந்தது என்று அவருக்கே தெரியவில்லை, ஆனாலும் போனார். பட்டறை தன்னுடையது என்பதால் ஃபோர்மேன் மட்டும் எங்கும் போக முடியாமல் கையைக் கட்டி நின்றார்.

“நான் எங்க போய் நின்னாலும் இன்ஸ்பெக்‌ஷன் மாதிரி ஆயிடுதுங்க” என்று அன்று கணவரிடம் சொன்னார். அதற்குப் பிறகு அங்கே போகவில்லை.

காலையில் குமாஸ்தா குறைப் புத்தகத்தை விரித்து வைப்பார். “இங்க ஒரு கையெழுத்து மேடம். சும்மா ஒரு வழக்கம்.” பக்கம் காலியாக இருக்கும். அடியில் ‘பார்த்தேன், குறை ஏதும் இல்லை’ என்று ரப்பர் முத்திரை குத்தியிருக்கும். காலிப் பக்கம் என்றால் நல்ல செய்தி என்று விசிலக்கா நினைத்தார். நாலு மாதம், ஒரு நாள் விடாமல் கையெழுத்துப் போட்டார்.

ஐந்தாம் மாதம் தொடங்கிய செவ்வாய்க்கிழமை, காலை ஆறு இருபதுக்கு, நாற்பத்தொன்றாம் நம்பர் பஸ் ஆஸ்பத்திரி மேட்டிலிருந்து இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. பெடல் தரைவரை போய்விட்டது. ஓட்டியவர் வேலைக்கு வந்து இரண்டு வருடமே ஆன டிரைவர். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வண்டியை ஓரமாகத் திருப்பி, கட்டிடத்துக்காகக் கொட்டியிருந்த மணல் குவியலில் ஏற்றி நிறுத்திவிட்டார். உள்ளே முப்பத்தெட்டுப் பேர். கண்டக்டருக்கு இரண்டு பல் போயிற்று. ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மணல் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்க யாருக்கும் விருப்பமில்லை.

முந்தின நாள் சாயங்காலம் அந்த வண்டியை ஓட்டிவந்து விட்டவர் மூணாம் கியர்.

பத்து மணிக்குள் டிப்போ வாசல் டீக்கடையில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். “வண்டியில பிரேக் இல்லைன்னா பரவாயில்லப்பா, டிப்போவுக்கே பிரேக் இல்ல” என்றார் ஒருவர். நாலு பேர் சிரித்தார்கள். முன்பிருந்தவர் காலத்தில் ஒரு பஸ் பள்ளிக்கூடச் சுவரை இடித்துக்கொண்டு போய் நின்றது. அன்று ‘பிரேக் போயிடுச்சு’ என்றார்கள். இன்று ‘விசிலக்கா காலத்துல’ என்றார்கள்.

வியாழக்கிழமை மண்டல மேலாளர் ஜீப்பில் வந்தார். பழக்கத்தில் நேராகப் போய் மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். விசிலக்கா எதிரே பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஃபோர்மேனும் மூணாம் கியரும் நின்றார்கள்.

“என்னப்பா நடக்குது உன் டிப்போல?” என்று மண்டல மேலாளர் ஃபோர்மேனைக் கேட்டார். யாருடைய டிப்போ என்பது அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துபோயிற்று.

மூணாம் கியர்தான் முந்திக்கொண்டார். “திங்கக்கிழமை சாயங்காலமே சொன்னேன் சார். பெடல் இறங்குது, பாருன்னு சொன்னேன்.”

“யார்கிட்ட?”

“டயர் மேட்டுல. இவர்கிட்டதான்.”

எல்லாரும் ஃபோர்மேனைப் பார்த்தார்கள். மறுப்பார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் மறுக்கவில்லை. எண்ணெய் படிந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “சொன்னாரு சார். அன்னிக்கு எட்டு பேர் எட்டு வண்டியைச் சொன்னாங்க. ஏழு ஞாபகம் இருந்துச்சு.”

“புக்ல இருக்கா?”

“இல்ல சார்.”

“அப்ப சொல்லலை. அவ்வளவுதான். ரெண்டு பேரும் வெளிய இருங்க.”

கதவு சாத்தியதும் மண்டல மேலாளரின் குரல் இளகியது. கெட்ட மனிதர் அல்ல. விசிலக்காவின் பெயரைப் பட்டியலுக்குப் பரிந்துரைத்தவரே அவர்தான்.

“பாருங்கம்மா, விஷயம் சிம்பிள். டிரைவர் எழுதலை, டிரைவர் தப்பு. ரெண்டு பக்கம் ரிப்போர்ட் எழுதி நாளைக்கு அனுப்பிடுங்க. அடுத்த மாசம் இருபதாம் தேதி லிஸ்ட். உங்க பேரை நான்தான் வெச்சிருக்கேன்.”

“அவருக்கு இன்னும் நாலரை மாசம்தான் சார் சர்வீஸ். கேஸ் போட்டா ரிட்டயர் ஆக விடமாட்டாங்க.”

“விபத்து நடந்திருக்கு. யார் மேலயாவது போட்டாகணும்ல?”

“கீழ என் கையெழுத்து இருக்கு சார். குறை ஏதும் இல்லைன்னு போட்டது நான்.”

“அது எல்லா மேனேஜரும் போடறதுதான்.”

“வண்டியையும் பாக்கலை, யாரையும் கேக்கலை. வெறும் பக்கத்துல போட்டேன்.”

மண்டல மேலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “நீங்களே உங்க தலையில மண்ணை வாரிப் போட்டுக்காதீங்க. முதல் லேடியா இந்த சீட்டுக்கு வந்திருக்கீங்க. நீங்க வழுக்கினா, அடுத்து ஒரு லேடி பேரை நான் எங்க போய்ச் சொல்றது? அதையும் யோசிங்க.”

அந்த ஒரு வார்த்தைதான் வீடுவரைக்கும் கூடவே வந்தது. அவர் தப்புச் செய்தால் அது அவர் தப்பாக மட்டும் இருக்காது, பதினொரு பெண் கண்டக்டர்களின் தப்பாகவும் ஆகிவிடும். முன்பிருந்தவருக்கு அந்தக் கவலை இருந்ததில்லை. அவர் சுவரை இடித்தாலும் ஆண் குலம் அப்படியே நின்றது.

சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கல்லூரியில் படிக்கும் மகள் எட்டிப் பார்த்தாள்.

“ஏம்மா, அந்த டிரைவர் மாமா மேலயா எழுதப் போற?”

“எழுதினா என் சீட் நிக்கும். எழுதலைன்னா ஆடும்.”

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு சொன்னார்: “கடையில தப்பு மருந்து குடுத்துட்டோம்னு தெரிஞ்சா, முதல்ல எந்த மருந்துன்னு சொல்லணும். யார் குடுத்தாங்கிறது அப்புறம். அதை முதல்ல ஆராய ஆரம்பிச்சா ஆளு போயிடும்.” கொஞ்சம் நிறுத்தி, “ஆனா ஒண்ணு, அந்த டைம் கீப்பர் கூண்டுல ஃபேன் கிடையாது” என்றார்.

“அப்பா!” என்றாள் மகள். விசிலக்கா அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

மூன்று தாள் கிழிந்தது. நாலாவது தாள் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தது. முதல் வரி: ‘பார்க்காமலும் கேட்காமலும் நான் கையெழுத்திட்டேன்.’ அடுத்து, டிரைவர் சொன்னார், எழுதவில்லை. அடுத்து, ஃபோர்மேனுக்குச் சொல்லப்பட்டது, எட்டில் ஒன்று நினைவிலிருந்து தவறியது. கடைசியாக, ‘இந்த டிப்போவில் குறைகள் வாய்மொழியாக, மேலாளர் போகாத ஓர் இடத்தில் சொல்லப்படுகின்றன. இனி அப்படி நடக்காது.’ ‘போகாத’ என்ற வார்த்தையில்தான் ரொம்ப நேரம் பேனா நின்றது. ‘போக முடியாத’ என்று எழுதிப் பார்த்தார். அடித்துவிட்டார். நாலு நிமிடத்தில் திரும்பி வந்தது அவர்தானே.

சனிக்கிழமை ஒரு புது விதி வந்தது. சாயங்காலம் வண்டிச் சாவியை அலுவலக ஜன்னலில் கொடுப்பார்கள், குமாஸ்தா வாங்கிச் சாவிப் பலகையில் மாட்டுவார். இனி குறைப் புத்தகம் அந்த ஜன்னலில் இருக்கும். ஒரு வரி எழுதினால்தான் சாவியை வாங்குவார்கள். குறையே இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். யார் எழுதினாலும் ஸ்பேர் பஸ் தண்டனை கிடையாது.

அன்று சாயங்காலம் இருபத்துமூன்று டிரைவர்கள் கையில் சாவியோடு ஜன்னல் முன் நின்றார்கள். ஒருவரும் பேனாவைத் தொடவில்லை. விசிலக்கா வெளியே வந்தார்.

“நாங்க என்ன பள்ளிக்கூடப் பசங்களா மேடம், இம்போசிஷன் எழுத?”

“பழைய சார் இருந்தப்ப வாயால சொன்னா போதும்.”

“அவர் எங்ககூட உக்காந்து டீ குடிச்சாரு!”

“நானும் குடிக்கத்தான் வந்தேன்” என்றார் விசிலக்கா. “நாலு நிமிஷத்துல உங்க எல்லாருக்கும் ட்ரிப் வந்துருச்சு.”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆனால் கூச்சல் அடங்கவில்லை. எல்லாருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம். ஒருவர் சாவியை ஜன்னலுக்குள் எறியப் போனார். விசிலக்காவின் இரண்டு விரல்கள் அவரைக் கேட்காமலேயே வாய்க்குப் போய்விட்டன.

ஒரே ஒரு விசில். நீளமாக.

கூட்டம் அப்படியே நின்றது. கூட்டம் மட்டுமா, கழுவும் இடத்துக்குப் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்த இருபதாம் நம்பர் பஸ்ஸும் சடாரென்று நின்றது. ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போ என்பது அந்த டிரைவரின் காலில் ஊறியிருந்தது. அவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, “என்னாச்சு? யாராவது அடியில மாட்டிக்கிட்டாங்களா?” என்று கத்தினார். அப்புறம் சிரிக்காமல் யார் இருப்பது?

சிரிப்பு ஓய்வதற்குள் விசிலக்கா ரிப்போர்ட்டின் நகலை எடுத்து முதல் வரியைப் படித்தார். பிறகு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். “என் தப்பை நான் எழுதிட்டேன். உங்களை உங்க தப்பை எழுதச் சொல்லலை. வண்டியோட தப்பைத்தான் எழுதச் சொல்றேன்.”

மூணாம் கியர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, மூன்றாம் கியரிலேயே, ஜன்னலுக்கு வந்தார். குனிந்து எழுதினார். ஒரு வரி. இரண்டு வரி. நாலு வரி.

“அண்ணே, உங்க வண்டியில என்னதான் சரியா இருக்கு?” என்றார் பின்னால் நின்றவர்.

“நான்” என்றார் மூணாம் கியர், நிமிராமலே.

பேனாவை அடுத்தவரிடம் தள்ளிவிட்டு விசிலக்காவை நேராகப் பார்த்தார். “இந்தாம்மா தங்கச்சி, சாவி.”

நாலு மாதத்துக்குப் பிறகு அவருக்கு அந்த மனிதரின் வாயில் ஒரு பெயர் கிடைத்தது. வாங்கிக்கொண்டு, “சரிங்கண்ணே” என்றார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அடுத்த மாதம் பத்தாம் தேதி, முந்தைய முப்பது நாளின் எண்ணிக்கை தலைமை அலுவலகத்துக்குப் போயிற்று. இருநூற்றுப் பதினாலு குறைகள். பக்கத்து டிப்போக்களின் கணக்கு இரண்டு, நாலு, மூன்று.

மண்டல மேலாளரின் போன் அன்று மதியமே வந்தது.

“என்னம்மா இது? மூணு இருந்த இடத்துல இருநூத்திப் பதினாலா? நீங்க வந்து டிப்போவே உடைஞ்சு போச்சான்னு கேக்கறாங்க.”

“உடைஞ்சது எல்லாம் முன்னாடியே உடைஞ்சதுதான் சார். இப்பதான் எழுதறோம். நடுரோட்டுல வண்டி நின்னது போன மாசம் ஒன்பது தடவை. இந்த மாசம் ரெண்டே ரெண்டு.”

“அதுக்கு ஃபார்ம்ல இடம் இல்லையேம்மா. லிஸ்ட் போடற கமிட்டி நம்பரைத்தான் பாக்கும். இருபதாம் தேதிக்குள்ள இன்னொரு தடவை கணக்குக் கேப்பாங்க. குறைச்சுக் காட்டுங்க.”

டீக்கடைக்கு இது எப்படியோ போயிற்று. “பொம்பளை கையில குடுத்தா வீட்டுல மட்டுமா, டிப்போலயும் குறைதான்” என்றார் ஒருவர். இந்தத் தடவை சிரிப்பு அவ்வளவாக எழவில்லை. பக்கத்தில் ஃபோர்மேன் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் கிளாஸை வைத்த சத்தம் கொஞ்சம் பலமாக இருந்தது.

பதினாலாம் தேதி சாயங்காலம் ஃபோர்மேன் மேலாளர் அறை வாசலில் வந்து நின்றார். “மேடம், ஒரு அஞ்சு நிமிஷம் பட்டறைக்கு வர முடியுமா?”

அழைத்துப் போனது டயர் மேட்டுக்கு. இடம் கூட்டிப் பெருக்கியிருந்தது. சிகரெட் துண்டு ஒன்றுகூட இல்லை. டயர்களுக்கு நடுவில், கழுவித் துடைத்த நீல பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று. சுற்றிலும் ஏழெட்டு டிரைவர்கள், மூணாம் கியர் உட்பட.

“உக்காருங்க மேடம்” என்றார் ஃபோர்மேன். “இது அமுங்காது.”

உட்கார்ந்தார். டீ வந்தது. யாருக்கும் ட்ரிப் வரவில்லை. ஒருவர் தன் மாமனார் வீட்டு நாயைப் பற்றி ஆரம்பித்த கதையை, நடுவில் ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டாலும், நிறுத்தாமல் சொல்லி முடித்தார். விசிலக்கா சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். முதல் வாரத்தில் அவர் தேடிவந்தது இதைத்தான்.

பிறகு ஃபோர்மேன் விஷயத்துக்கு வந்தார். “ஆறு நாளைக்கு மட்டும் மேடம். தினம் சாயங்காலம் நீங்க இங்க வாங்க. ஒண்ணு விடாம எல்லாம் உங்ககிட்டயே வாயால சொல்லிடறோம். நானும் கூட இருந்து கேட்டுக்கறேன். புக்ல ‘இல்லை’ன்னு எழுதிடுவாங்க. நம்பர் இறங்கிடும். நீங்க பர்மனென்ட் ஆனதுக்கப்புறம் திரும்பவும் எழுதுவோம். எல்லாரும் பேசிட்டோம்.”

“நீ இந்த சீட்டுல இருக்கணும் தங்கச்சி” என்றார் மூணாம் கியர். “அவ்வளவுதான் எங்களுக்கு.”

விசிலக்கா டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். அவசரப்படவில்லை. ஆறே நாள். யாருக்கும் தெரியப்போவதில்லை. கேட்பதும் எதிரிகள் அல்ல. மகளிடம் சொல்லலாம், அடைப்புக்குறி போயிற்று என்று. பெண் கண்டக்டர்கள் கதவைத் திறந்துவைத்துக்கொண்டே அக்கா என்று கூப்பிடலாம்.

“ஃபோர்மேன் சார், அன்னிக்கு எட்டுல ஏழு ஞாபகம் இருந்துச்சுன்னு சொன்னீங்கல்ல?”

“ஆமா மேடம்.”

“எனக்கு அவ்வளவுகூட இருக்காது.”

ஃபோர்மேன் தலையைக் குனிந்துகொண்டார். ஆஸ்பத்திரி மேடு எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. மணல் குவியல் எல்லா நாளும் இருக்காது. விசிலக்கா எழுந்தார். நாற்காலியின் முதுகைத் தட்டிப் பார்த்தார்.

“சேர் நல்லா இருக்கு. நான் எடுத்துக்கட்டுமா?”

“உங்களுக்குத்தான் மேடம் வாங்கினது.”

“அப்ப சரி. ஜன்னல்கிட்ட போடறேன். நின்னுக்கிட்டே எழுதினா எழுத்தெல்லாம் கோணுது, எனக்குப் படிக்க முடியலை.” நாற்காலியை அவரே தூக்கிக்கொண்டார். இரண்டடி போய்த் திரும்பினார். “டீக்கு நாளைக்கும் வரேன். டயர்லயே உக்காந்துக்கறேன்.”

இருபதாம் தேதி பட்டியல் வந்தது. பதினேழு பெயர்கள். அவர் பெயர் இல்லை. அதோடு இரண்டு உத்தரவுகள் வந்தன. ஒன்று, விபத்து தொடர்பாக மேலாளர், ஃபோர்மேன், டிரைவர் மூவருக்கும் எழுத்துமூலம் எச்சரிக்கை. யாரையும் வேலையிலிருந்து நீக்கவில்லை, மூணாம் கியர் ஓய்வு பெறத் தடையில்லை. மற்றொன்று, குறைகளின் எண்ணிக்கை கவலை தருவதால், அவர் பொறுப்பு மேலாளராகவே இன்னும் ஆறு மாதம் தொடர வேண்டும், நிரந்தரம் ஆக்குவது அதன்பின் பரிசீலிக்கப்படும்.

வீட்டில் கணவர் உத்தரவை இரண்டு முறை படித்தார். “கூண்டு இல்லல்ல? ஃபேன் தப்பிச்சுது” என்றார். மகளுக்குக் கோபம் அடங்கவில்லை. அவள் கமிட்டியைத் திட்டத் திட்ட, விசிலக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். தனக்கும் சேர்த்து அவள் திட்டட்டும் என்று விட்டுவிட்டார் போலிருந்தது. குளியலறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வர வழக்கத்தைவிட நேரமாயிற்று.

மூன்று மாதம் கழித்து, வருடாந்திர வெள்ளையடிப்புக்கு ஆள் வந்தார். சுவரெல்லாம் முடித்துவிட்டுக் கதவுப் பலகையைக் கழற்றி, புது நீலம் பூசி, காய்ந்ததும் எழுத உட்கார்ந்தார். மேல் வரி முடிந்தது. தூரிகையைக் காற்றில் நிறுத்திக்கொண்டு அறைக்குள் பார்த்தார்.

“மேடம், கீழ அந்தக் குட்டி எழுத்தை விட்டுடவா? யாரு பாக்கப் போறா? போர்டும் பளிச்சுனு இருக்கும்.”

விசிலக்கா கையிலிருந்த தாள்களிலிருந்து தலையைத் தூக்கினார். வெளியே வண்டிகள் உள்ளே வரத் தொடங்கியிருந்தன.

“இருக்கறதை எழுதுங்க” என்றார்.

ஜன்னல் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. மூணாம் கியருக்கு அது கடைசி வாரம். உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டு, பேனாவைத் திறந்தவர், கம்பிகளுக்கு இடையில் எட்டிப் பார்த்தார்.

“தங்கச்சி, டிரைவர் சீட்டுல ஸ்பிரிங் குத்துது. எழுதலாமா?”

“எத்தனை நாளாண்ணே?”

“ஆறு வருஷமா.”

“எழுதுங்கண்ணே” என்றார் விசிலக்கா.